வெந்நீரிலேயே விரிசல் விட்ட எஃகு: ஜெர்மனியின் டி24 விவகாரம்

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில், ரைன் ஆற்றை ஒட்டி, வால்சும் 10 என்றொரு நிலக்கரி மின் அலகு இருக்கிறது. 2006 இறுதியில் வேலை தொடங்கியது. 2010இல் மின்சாரம் தர வேண்டும் என்பது திட்டம். தந்தது 2013 டிசம்பரில். இந்தத் தாமதத்தின் பெரும்பங்கு ஒரே ஒரு பொருளைச் சேரும்: கொதிகலனின் வாட்டர் வால் குழாய்களுக்காக, அதாவது உலையைச் சுற்றிச் சுவராக நிற்கும் நீர்க் குழாய்களுக்காக, தேர்ந்தெடுத்த டி24 என்ற எஃகு.

அந்த எஃகு சூட்டில் தோற்றிருந்தால் இது சாதாரணக் கதை. தோற்றது அங்கே இல்லை. 550 டிகிரி செல்சியஸில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வாங்கிய குழாய்கள், முழுச் சுமையைப் பார்ப்பதற்கு முன்பே, உள்ளே வெறும் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்த ஆரம்பக் கட்டத்திலேயே வெல்டிங் இணைப்புகளில் விரிசல் விட்டன. வெப்பம் தாங்கும் எஃகு என்றால் எல்லோரும் உச்ச வெப்பநிலையைத்தான் பார்க்கிறோம். டி24 அடி வாங்கியது யாரும் கவனிக்காத 200 டிகிரி சுற்றுவட்டாரத்தில்.

ஏன் புது எஃகு தேவைப்பட்டது

நீராவி எவ்வளவு சூடோ, ஒரு டன் நிலக்கரியிலிருந்து அவ்வளவு கூடுதல் மின்சாரம். பழைய ஜெர்மன் அலகுகள் 540 டிகிரி அளவில் ஓடின. 2000களில் திட்டமிட்ட புதிய தலைமுறை 600 டிகிரியைத் தொட்டது. வால்சும் 10இன் நீராவி 600 டிகிரிக்குச் சற்று மேல், அழுத்தம் 270 பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தம்) மேல், திறன் 45 சதவீதத்தைத் தாண்டும் என்பது இலக்கு. கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும், நிலக்கரியையும் விட முடியாது என்ற காலகட்டம் அது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலை இருந்தது.

நீராவி கடைசியில் 600 டிகிரிக்குப் போக வேண்டுமானால், உலையைச் சுற்றி நிற்கும் சுவரிலிருந்தே அது முன்பைவிடச் சூடாகக் கிளம்ப வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். நீராவியைக் கடைசியாகச் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரில் போடுவதற்கு, சூட்டை நன்றாகத் தாங்கும் விலையுயர்ந்த ஆஸ்டினைட் எஃகுகள் உண்டு. சுவர் அப்படியல்ல. நூறு மீட்டர் உயரத்துக்குக் குழாயும் இடைத்தகடும் மாறி மாறி வெல்டு செய்து எழுப்பும் ராட்சதக் கூண்டு அது. அதற்கு மலிவான, வெல்டிங்குக்கு இசையும் எஃகு வேண்டும்.

காலங்காலமாக அந்த வேலையைச் செய்தது டி12. ஒரு சதவீத குரோமியம், அரை சதவீத மாலிப்டினம். ஜெர்மன் பெயர் 13சிஆர்எம்ஓ4-5. அதன் எண்களைப் பார்த்தால் பொறியாளர்களின் கவலை புரியும். 500 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு அது தாங்கும் தகைவு, அதாவது பரப்பளவுக்கு விழும் இழுப்பு, 137 மெகாபாஸ்கல். 550 டிகிரியில் வெறும் 49. ஐம்பது டிகிரி ஏறினால் வலிமையில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. அடுத்த படியான டி22 கொஞ்சம் மேல்: 135லிருந்து 68. உலோகம் சூட்டில் சுமையோடு நிற்கும்போது மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போய் ஒருநாள் அறுந்துவிடும். இதைத்தான் க்ரீப் என்கிறோம். இந்த 49, 68 எல்லாம் அந்தக் கணக்குதான்.

அதற்கும் மேலே டி91 இருக்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான ஒன்பது சதவீத குரோமிய எஃகு. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலையில் நீராவி ஆக்கிகளுக்குப் போட்டிருப்பதும் இந்த வகைதான். வலிமையில் குறையே இல்லை. ஆனால் வெல்டு செய்தவுடன் அதன் கடினம் 400 விக்கர்ஸைத் (கடினத்தை அளக்கும் அலகு; அது ஏற ஏற எஃகு நொறுங்கும் இயல்பு கூடும்) தாண்டிவிடும். ஒவ்வொரு இணைப்பையும் 750 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அங்கேயே நிறுத்தி, மெதுவாக ஆற வைக்காமல் விட முடியாது. துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்கிற பட்டறைகளில் எஸ்.ஆர். என்று சொல்வார்களே, ஸ்ட்ரெஸ் ரிலீவிங், அதுதான். பட்டறையில் சூளைக்குள் தள்ளிவிடலாம். சைட்டில், அறுபது எழுபது மீட்டர் உயரத்தில் சாரத்தில் நின்றுகொண்டு, இரண்டு பேனல்கள் சேரும் இடத்தில் வரிசையாக நிற்கிற நூற்றுக்கணக்கான குழாய் முனைகளில் ஒவ்வொன்றாகச் சூடேற்றும் காயிலைச் சுற்றுவது என்றால்? குழாயின் இரு பக்கமும் இடைத்தகடு வேறு இடிக்கும். கொதிகலன் ஒன்றில் இப்படிப்பட்ட இணைப்புகள் ஆயிரக்கணக்கில் வரும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1990களில் ஜெர்மனியின் மன்னெஸ்மான் நிறுவனம் டி24ஐக் கொண்டுவந்தது. ஜப்பானியர்கள் கிட்டத்தட்ட அதே நோக்கத்தில் டங்ஸ்டன் சேர்த்து டி23 செய்தார்கள். டி24இன் செய்முறை கெட்டிக்காரத்தனமானது. டி22இன் குரோமிய, மாலிப்டின அளவு அப்படியே: 2.2 முதல் 2.6 சதவீதம் குரோமியம், சுமார் ஒரு சதவீதம் மாலிப்டினம். கால் சதவீதம் வனேடியம், 0.05 முதல் 0.10 வரை டைட்டானியம், ஆயிரத்தில் சில பங்கு சதவீதம் போரான். வனேடியமும் டைட்டானியமும் நுண்ணிய கார்பைடுகளாகப் படிந்து க்ரீப்பைத் தடுக்கும். போரான், எஃகு ஆறும்போது பெய்னைட் என்ற உறுதியான உள்ளமைப்பாக மாற உதவும். போரானை நைட்ரஜன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க நைட்ரஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். கார்பன் 0.05 முதல் 0.10 சதவீதத்துக்குள். விளைவு: 550 டிகிரியில் டி22ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிமை. கார்பன் குறைவு என்பதால் வெல்டின் கடினம் 350 விக்கர்ஸை ஒட்டியே நிற்கும். ஆகவே 10 மி.மீ. வரையிலான தடிப்புக்கு வெல்டுக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சை தேவையில்லை.

கொதிகலன் கட்டுபவர்கள் வாங்கியது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். வலிமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் எஸ்.ஆர். வேண்டாம் என்ற சலுகை இல்லாவிட்டால் டி24 இவ்வளவு வேகமாக இத்தனை கொதிகலன்களுக்குள் நுழைந்திருக்காது.

நடந்தது என்ன

வால்சும் 10இன் அப்போதைய உரிமையாளர்கள் ஸ்டீயாக் 51 சதவீதம், ஆஸ்திரியாவின் ஈவிஎன் 49 சதவீதம். 790 மெகாவாட் அலகு. கொதிகலன் செய்தது ஹிட்டாச்சி பவர் யூரோப். குழாய்களை இணைத்து, அழுத்தச் சோதனை முடித்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து, நீரைச் சூடாக்கிச் சுற்றவிடும் தொடக்க வேலைகளின்போது கசிவுகள் தெரிய ஆரம்பித்தன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று. எக்ஸ்-ரே படத்தில் சரி என்று முத்திரை விழுந்த இணைப்புகளும் கசிந்தன. வெல்டரின் கைக்குறை என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அவை பரவலாக இருந்தன.

அதே நேரத்தில் வேறு இடங்களிலும் இதே செய்தி. ஆர்டபிள்யூஇ-யின் நோய்ராத் பழுப்பு நிலக்கரி நிலையத்தில் தலா 1,100 மெகாவாட் கொண்ட இரண்டு புதிய அலகுகள். வாட்டன்ஃபாலின் பாக்ஸ்பெர்க், ஹாம்பர்க் மோர்பர்க். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். நெதர்லாந்தில் மாஸ்விளாக்டே. கட்டியவர்களும் உரிமையாளர்களும் எரிபொருளும் வேறு வேறு. பொதுவாக இருந்தது டி24தான். ஒரு தலைமுறைக் கொதிகலன்களில் பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஒரே எஃகுக்கு மாறியிருந்தது. முதல் அலகு பத்தாண்டு ஓடிக் காட்டட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஒரு இணைப்பைக் கிட்டத்தில் பார்ப்போம். ஏறக்குறைய கட்டைவிரல் பருமனுக்குச் சற்று மேலான குழாய், சுவர்த் தடிப்பு ஆறேழு மி.மீ. டிக் முறையில் (டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்ட வெல்டிங்) அடுக்கடுக்காக வெல்டு செய்கிறார்கள். முதல் அடுக்கின் மேல் இரண்டாவது விழும்போது, அதன் சூடு முதல் அடுக்கைக் கொஞ்சம் பதப்படுத்துகிறது. அதாவது கடினம் தணிகிறது. கடைசி அடுக்கின் மேல் விழ எதுவும் இல்லை. அது கடினமாகவே தங்கிவிடும். வெல்டு ஆறிச் சுருங்க முயல்கிறது. சுற்றிலும் விறைப்பான சுவர் அதை விடுவதில்லை. எஃகின் நெகிழ்வு வரம்பை ஒட்டிய இழுவிசை உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. வெப்பச் சிகிச்சை செய்திருந்தால் இந்த இரண்டும், கடினமும் இழுவிசையும், ஒன்றாகத் தணிந்திருக்கும். எஸ்.ஆர். வேண்டாம் என்ற சலுகையால் இரண்டும் அப்படியே நிற்கின்றன. விரிசல்கள் போன பாதை உலோகத்தின் மணிகளை, அதாவது அதன் நுண்படிகங்களை, குறுக்கே வெட்டவில்லை. மணிகளின் எல்லையோடு ஊர்ந்து போயிருந்தன. க்ரீப்பில் தென்படுவதுபோல நீண்டு தேய்ந்த அடையாளம் எதுவும் இல்லை. நொறுங்கும் தன்மையோடு, திடீரென.

ஆய்வில் தெரிந்தது

ஸ்டுட்கார்ட்டில் உள்ள எம்பிஏ பொருள் சோதனை நிறுவனம், குழாய் உற்பத்தியாளர்கள், மின் நிலையங்களின் தொழில்நுட்ப அமைப்பான விஜிபி எல்லாரும் இறங்கினார்கள். சோதனை எளிமையான யோசனைதான்: டி24 வெல்டு மாதிரியைச் சூடான அழுத்த நீருக்குள் வைத்து மிக மெதுவாக இழுப்பது. நீரின் வெப்பநிலையையும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது.

விடை ஒரு ஜன்னலைக் காட்டியது. சுமார் 150 முதல் 250 டிகிரி வரையிலான நீரில், அதுவும் ஆக்சிஜன் நிறைய இருந்தால், பதப்படுத்தாத வெல்டு விரிசல் விடுகிறது. வெப்பநிலை நன்றாக ஏறிய பிறகு அந்த ஆபத்து மங்கிவிடுகிறது. முழுச் சுமையில் ஓடும் கொதிகலனின் சுவர் இந்த ஜன்னலுக்கு வெகு மேலே இருக்கும். தொடக்க வேலைகளின்போதோ கொதிகலன் இதே ஜன்னலுக்குள் நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்போது நிரப்புகிற நீரும், காற்றோடு கலந்த சாதாரண நீராக இருந்தால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைச் சுமந்திருக்கும். ஓடும் நிலையத்தில் காற்று நீக்கிய நீரில் இருப்பது அதில் மிகச் சொற்பம்.

ஹைட்ரஜனின் பங்கு என்ன என்பதில்தான் நிபுணர்கள் பிரிந்தார்கள். புது எஃகு சூடான நீரைத் தொட்டவுடன் மேற்பரப்பில் மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு உருவாகும். கொதிகலனைக் காப்பாற்றப்போகும் படலமே அதுதான். ஆனால் மூன்று இரும்பு அணுக்களும் நான்கு நீர் மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு மேக்னடைட் ஆகும்போது நான்கு மூலக்கூறு ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு அணுவாகவே எஃகுக்குள் புகும். அமிலத்தால் கழுவினாலும் ஹைட்ரஜன் புகும். கடினமான எஃகும் இழுவிசையும் ஹைட்ரஜனும் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்று வெல்டிங் படித்த எவருக்கும் தெரியும். ஒரு தரப்பு இதை, நீரும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கும் தகைவு அரிப்பு என்றது. இன்னொரு தரப்பு ஹைட்ரஜன் நொறுங்கல் என்றது. என் பார்வையில், சைட்டில் நிற்பவருக்கு இந்தச் சண்டையால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு விளக்கத்திலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவை அதே மூன்றுதான்: கடினமான வெல்டு, தணியாத இழுவிசை, தவறான நேரத்தில் தவறான நீர். ஒன்றை எடுத்துவிட்டாலே விரிசலின் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

350 விக்கர்ஸ் என்ற வரம்பு ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். அந்த எண் வெல்டு ஆறும்போது வரும் குளிர் விரிசலை மனதில் வைத்தது. டிக் வெல்டிங்கில் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் அந்த ஆபத்துக்கு அது போதுமானதாகவே இருந்தது. வெல்டரின் டார்ச்சிலிருந்து வராத ஹைட்ரஜன் மாதக்கணக்கில் கழித்துக் குழாய்க்குள்ளிருந்து வரும் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அத்தோடு அது தாள் மேல் உள்ள எண். கடைசி அடுக்கு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு வேகமாக ஆறியது, முன்சூடு கொடுத்தார்களா என்பதைப் பொறுத்து உண்மையான இணைப்பில் கடினம் மேலே ஏறவும் செய்யும்.

கொதிகலனையே சுட்டெடுத்த வேலை

பரிகாரங்கள் இரண்டு வழியில் போயின. முதல் வழி, எஃகை வைத்துக்கொண்டே நிலைமையை மாற்றுவது.

இதில் என்னை அசர வைத்தது, முழுக் கொதிகலனையும் ஒரே சூளையாக்கிய யோசனை. தனித்தனியாக எஸ்.ஆர். செய்யத்தான் முடியாது, மொத்தமாகச் சூடாக்கலாமே என்றார்கள். உலைக்குள் சூடான வாயுவை அனுப்பி, நீரில்லாத சுவர்களை 450 முதல் 500 டிகிரி வரை ஏற்றி, நீண்ட நேரம் அங்கேயே நிறுத்தினார்கள். கொதிகலன் மேலிருந்து தொங்குகிற அமைப்பு. நூறு மீட்டர் எஃகுச் சுவர் 480 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 60 செ.மீ. கீழ்நோக்கி நீளும். எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடேற வேண்டும். இல்லையேல் புதிய இழுவிசைகளைத் தானே உண்டாக்கிவிடும்.

ஆனால் இதை முழுமையான எஸ்.ஆர். என்று எண்ணிவிடக் கூடாது. இந்த எஃகைப் பதப்படுத்தி வெல்டின் கடினத்தை ஒழுங்காகத் தணிக்க 700 டிகிரிக்கு மேல் வேண்டும். 500 டிகிரியில் கடினம் பெரிதாக அசையாது. பூட்டிக்கிடந்த இழுவிசையில் ஒரு பங்கு தளர்கிறது, அவ்வளவுதான். மூன்று காரணங்களில் ஒன்றின் பல்லைப் பிடுங்குகிற வேலை. கூடவே, புதுக் கொதிகலனை அமிலத்தால் கழுவும் வழக்கமான படியை மறுபரிசீலனை செய்தார்கள். தொடக்கத்தில் ஆக்சிஜன் நீக்கிய நீரையே நிரப்பினார்கள். ஆபத்தான வெப்பநிலை ஜன்னலில் தங்காமல் வேகமாகக் கடந்தார்கள். நோய்ராத்தின் இரண்டு அலகுகளும் 2012 ஆகஸ்டில் திறப்பு விழா கண்டன.

இரண்டாவது வழி, டி24ஐயே கழற்றிவிடுவது. வால்சும் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. சுவர்கள் பழைய டி12க்கு மாற்றப்பட்டன. இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 550 டிகிரியில் 49 மெகாபாஸ்கலுக்கு விழுந்துவிடும் என்று ஒதுக்கிய டி12ஐ வைத்தே பிறகு அதே அலகை ஓட்ட முடிந்தது என்றால், டி24 உண்மையில் எவ்வளவு அவசியமாக இருந்தது? சுவரின் உலோக வெப்பநிலை 500ஐ ஒட்டி நின்றுவிட்டால் டி12 தாக்குப்பிடிக்கும். அந்த இடத்தில் அதன் 137ஐ டி22கூட வெல்லவில்லை. டி24 கொடுத்தது கூடுதல் இடைவெளி: சூடு கொஞ்சம் ஏறினாலும் கவலையில்லை, நாளைக்கு இன்னும் மேலே போகலாம் என்ற வசதி. அந்த வசதிக்காகக் கொடுத்த விலையைப் பார்த்தால், இறுக்கமான வடிவமைப்போடு டி12ஐயே வைத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. 600 டிகிரிக்கு டி12 போதும் என்று பொதுவாக இதை நீட்டக் கூடாது. கொதிகலனுக்குக் கொதிகலன் சுவரின் உச்சி வெப்பநிலை மாறும்.

யாருடைய கண்ணில் பட்டிருக்க வேண்டும்

ஒரு எஃகுக்கு ஒப்புதல் வாங்க என்ன கேட்பார்கள்? க்ரீப் தரவு கேட்பார்கள், பல்லாயிரம் மணி நேரத்துக்கு. இழுவலிமை, தாக்குச் சோதனை, வெல்டிங் முறைச் சான்று. டி24 எல்லாவற்றிலும் தேறியது. யாரும் ஏமாற்றவில்லை. வெந்நீருக்குள் வைத்து மெதுவாக இழுத்துப் பார் என்று அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் இல்லை என்றால், டி12ஐயும் டி22ஐயும் வைத்துப் பல தலைமுறை ஓட்டியபோது அந்தத் தேவை இப்படித் தலைதூக்கவில்லை. மென்மையான எஃகுகளின் அனுபவத்தில் எழுந்த பட்டியலை வைத்துக் கடினமான எஃகை அளந்தார்கள்.

எஸ்.ஆரைக் கைவிட்டபோது என்ன கைவிட்டார்கள் என்பதும் சரியாகக் கணக்கிடப்படவில்லை. காகிதத்தில் அது குளிர் விரிசலுக்கும் கடினத்துக்குமான மருந்து. நடைமுறையில் அது இழுவிசையையும் போக்கியது, உள்ளே தங்கிய ஹைட்ரஜனையும் விரட்டியது. காகிதத்தில் எழுதிய காரணம் போய்விட்டதும் படியையே நீக்கினார்கள். எழுதாத வேலைகளும் சேர்ந்து நின்றுபோயின.

நீர் வேதியியல்காரர்களும் உலோகவியல்காரர்களும் வேறு வேறு ஒப்பந்தத்தில், வேறு வேறு மேசையில் இருந்ததும் ஒரு காரணமாகவே எனக்குப் படுகிறது. நீர்க்காரருக்கு ஆக்சிஜன் என்பது படலத்தைப் பற்றிய கேள்வி. வெல்டிங்காரருக்கு நீரே ஒரு பொருட்டில்லை.

நீண்ட வால்

இந்தத் தாமதங்களுக்குச் சந்தை காத்திருக்கவில்லை. 2010இல் ஜெர்மனியில் புது நிலக்கரி அலகு லாபகரமான முதலீடாகத் தெரிந்தது. 2014, 2015 வாக்கில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் மொத்த விலையைக் கீழே தள்ளியிருந்தன. மோர்பர்க் 2015இல்தான் முழுதாக ஓட ஆரம்பித்தது. நிலக்கரியைக் கைவிடுவதற்கான ஏலத்தில் வென்று 2021இல் வணிக மின் உற்பத்தியை நிறுத்தியது. நாற்பது ஆண்டுக்காகக் கட்டிய கொதிகலன், ஆறு ஆண்டுகள்.

கடைசி அத்தியாயம் டாட்டல்ன் 4. 1,100 மெகாவாட். வேலை 2007இல் தொடங்கி, நில உபயோகத் திட்டம் செல்லாது என்று 2009இல் நீதிமன்றம் சொன்னதால் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. வழக்குகள் தாண்டி எழுந்து நின்றபோது, 2017இல், கொதிகலன் சுவர்களில் அதே டி24, அதே விரிசல். மற்ற நிலையங்களில் என்ன நடந்தது என்று உலகுக்கே தெரிந்த பிறகும், முன்பே தொங்கவிட்ட சுவரை என்ன செய்வது? உரிமையாளர் யூனிபர் ஒட்டுப்போட்டுப் பார்க்காமல், சுவர்களைப் பழகிய எஃகுக்கு மாற்ற 2018இல் முடிவெடுத்தது. 2020 மே 30 அன்று அலகு வணிக உற்பத்திக்கு வந்தது. 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை முடித்துக்கொள்ளும் சட்டத்தை ஜெர்மன் நாடாளுமன்றம் அடுத்த ஐந்து வாரத்தில் நிறைவேற்றியது.

டி24 இன்றும் தடைசெய்யப்பட்ட எஃகு அல்ல. சுவரை மாற்றாமல் பிழைத்த கொதிகலன்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படலம் உருவாகி, வெப்பநிலை மேலே போன பிறகு அது சொன்ன வேலையைச் செய்கிறது. மாறியது அதைக் கையாளும் விதம்: முன்சூடு இல்லாமல் வெல்டு இல்லை, கடைசி அடுக்கை எப்படி இடுவது என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு, பழுது பார்த்த ஒவ்வொரு இணைப்பிலும் கடினம் அளப்பது, அலகை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது நீரின் ஆக்சிஜன் அளவைப் பார்த்த பிறகே சூடேற்றுவது. எஸ்.ஆர். வேண்டாம் என்று விற்ற எஃகுக்கு இப்போது முடிந்த இடத்திலெல்லாம் எஸ்.ஆர். செய்கிறார்கள்.